தூங்கக் கூடாத நோயாளி

ஆவடி தொழிற்சாலையில் லட்சுமணனுக்கு இன்ஜின் சோதிக்கும் வேலை. காதாலேயே பார்த்துவிடுவார். ஓட்டத்தில் ஒரு தட்டு பிசகினாலும் அந்த இன்ஜின் திரும்பிப் போகும்.

தொண்ணூற்று நான்காம் வருஷம் அவருக்கு வலது கண்ணில் புரை முற்றியது. ஆபரேஷனுக்கு முன் இசிஜி எடுத்ததில், இதயம் தாறுமாறாகத் துடிப்பது தெரிந்தது. இரண்டு மாதம் மாத்திரை கொடுத்த பிறகே இதய டாக்டர் சம்மதித்தார்.

மயக்க மருந்து டாக்டர் தாட்சாயிணியிடம் லட்சுமணன் கேட்டது ஒன்றுதான்.

"எனக்கு ஒண்ணும் தெரியக் கூடாது டாக்டரம்மா. முழு மயக்கம் குடுத்துடுங்க."

அந்த இதயத்துக்கு முழு மயக்கம் கூடுதல் சுமை என்றார் தாட்சாயிணி. கண்ணைச் சுற்றி மட்டும் ஊசி போட்டு மரத்துப்போக வைக்கலாம். அதிலும் இதயத்தை விரட்டும் அட்ரினலின் சேர்க்கமாட்டார். கண்ணை அழுத்தினால் துடிப்பு சட்டென்று குறையக்கூடும், அதற்கு மாற்று ஊசி தயாராக இருக்கும். தைரியம் வரட்டும் என்றுதான் இவ்வளவும் சொன்னார். கேட்டு முடிப்பதற்குள் லட்சுமணனுக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது.

பூந்தமல்லி கண் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன். ஊசி அவ்வளவாக வலிக்கவில்லை. முகத்தை மூடிய பச்சைத் துணிக்குள் காதுக்கு மட்டும்தான் வேலை. மானிட்டர் அவருடைய துடிப்பை ஒலித்துக் காட்டிக்கொண்டிருந்தது. இரண்டு வேகமாக, ஒன்று தாமதமாக, பிறகு மூன்று சேர்ந்தாற்போல. இப்படியொரு ஓட்டத்தை அவர் ஒருநாளும் பாஸ் பண்ணியதில்லை. பயம் ஏற, துடிப்பும் ஏறியது. தாட்சாயிணி சத்தத்தை நிறுத்திவிட்டுத் திரையை மட்டும் பார்த்தார்.

துணிக்குள்ளிருந்து குரல் வந்தது. "நின்னுபோச்சா?"

"இல்லீங்க. நல்லா ஓடுது."

"சத்தமே காணோமே."

பேசினால் முகம் அசைகிறது என்று கண் டாக்டர் கையை எடுத்துக்கொண்டார். தாட்சாயிணி ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, லட்சுமணனின் மணிக்கட்டு நாடியில் ஒரு கையை வைத்தார். துடிப்பு வரும்போதெல்லாம் மறு கையால் அவர் உள்ளங்கையில் மெல்லத் தட்டினார். தாளம் இல்லாத தட்டுதான். ஆனாலும் லட்சுமணனின் உடம்பு தளர்ந்தது. பத்தாவது நிமிஷம் குறட்டை விட ஆரம்பித்தார். குறட்டையில் தலை ஆடியது.

"தூங்காதீங்க ஐயா" என்று எழுப்பினார் தாட்சாயிணி. மயக்கம் கொடுக்கப் படித்தவருக்கு, மீதி நேரம் முழுவதும் அவரைத் தூங்கவிடாமல் பார்த்துக்கொள்வதே வேலையாயிற்று.

மறுநாள் கட்டுப் பிரித்ததும் பார்வை பளிச்சென்று தெரிந்தது. தொழிற்சாலை குவார்ட்டர்ஸில் விசாரிக்க வந்தவர்களிடம் லட்சுமணன், "மயக்கமே வாணாம்னுட்டேன். முழிச்சிகினேதான் இருந்தேன், கடைசி வரைக்கும்" என்றார்.

மனைவி வரலட்சுமி காபி கொண்டுவந்தாள். இடது கண்ணிலும் புரை இருக்கிறது, அதற்கும் மயக்கம் இல்லாமலே ஆபரேஷன் செய்யத் தேதி வாங்கியாயிற்று என்று சொன்னாள்.