இடப்பக்கக் கண்ணாடி

1

தாமிரபரணியின் இரு கரைகளிலும் சேர்த்து, தகப்பனை இழுக்காமல் ஒரு கதையை எழுதி முடிக்கக்கூடிய ஒரே இளைஞன் நான்தான். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை, தகவலாகச் சொல்கிறேன். எங்கள் கல்லூரி மலரில் வந்த கதைகள் எல்லாவற்றிலும் அப்பா இருமினார், அல்லது சட்டைக் கிழிசலை மறைத்தார், அல்லது செத்துப்போனார். "தகப்பனை விற்றுக் கைதட்டு வாங்குகிறவர்கள்" என்று அதே மலரின் கடைசிப் பக்கத்தில் எழுதியவன் நான்.

ஆகவே இது ஒரு டேஷ் கேமராவைப் பற்றிய கதை. காரின் முன்கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு சாலையைப் படம் பிடித்தபடியே வரும் சின்னப் பெட்டி. போன மாதம் எங்கள் வீட்டில் ஒன்று வாங்கினோம். கதை பிறந்தது அதிலிருந்துதான். வேறு ரகசியம் இல்லை.

2

முதல் தொடக்கம்: "பேட்டையில் வசிக்கும் ஓய்வுபெற்ற அதிகாரி குமரவேல், தன் காரின் இடப்பக்கக் கண்ணாடி மறுபடியும் உடைந்திருப்பதைக் கண்டு—"

[குமரவேல் கற்பனை. நெற்றி நிறையத் திருநீறு. மனைவி பெயர் கோமு. எனக்குத் தெரிந்த யாருடைய சாயலும் வந்துவிடக் கூடாது என்று பார்த்துப் பார்த்துச் செய்த ஆள்.]

"நிறுத்தி வச்ச வண்டில வந்து இடிச்சிட்டுப் போயிருதானுவ. பழி நம்ம தலைல. ஒரு கேமராவ மாட்டுலே, எவன்னு பாத்துருவோம்," என்றார் குமரவேல் தன் மகனிடம்.

தேர்வு செய்வது மகனின் பொறுப்பு. முன்னால் மட்டும் பார்ப்பது ஒன்று. முன்னும் பின்னும் பார்ப்பது ஒன்று. காருக்குள் இருப்பவர்கள் முகத்தையும் பார்ப்பது ஒன்று. மூன்றாவதை அவன் உடனே தள்ளினான். பெற்றவர் முகத்தைப் படம் பிடிப்பது போலீஸ் வேலை. இரண்டாவதற்குப் பின் கண்ணாடிவரை வயர் இழுக்க வேண்டும், சோம்பல். முன்னால் மட்டும் பார்ப்பதை வாங்கினான்.

(அந்த மகனுக்கு இன்னொரு திறமையும் உண்டு. கோமு காரில் ஏறினால் வாய் மூடுவதில்லை. "பைய போங்க, இடப்பக்கம் ஆடு, இங்கன ஒரு கிழவன்" என்று இறங்கும்வரை வர்ணனைதான். அதை அப்படியே கல்லூரி கேண்டீனில் நடித்துக் காட்டி டீ சம்பாதிப்பான். இவனைக் கதையிலிருந்து நீக்கிவிடலாமா என்று யோசிக்கிறேன்.)

3

கேமராவைப் பேட்டையில் நடராஜ் கடையில் மாட்டினார்கள். நடராஜ் கண்ணாடியைத் துடைத்து, மேல் விளிம்பின் துணிக்குள் வயரைச் செருகிக்கொண்டே கேட்டார்.

"தம்பி என்ன படிக்கிய?"

"தமிழ் இலக்கியம்."

"அப்பம் வயரத் தொடாதிய."

பிறகு குமரவேலிடம் திரும்பினார். "அண்ணாச்சி, கண்ணாடில தொங்குத தஸ்பீஹ் மணியக் கழட்டிருவமா? படம் பூரா மணிதான் விழும்."

[திருத்தம்: ருத்திராட்ச மணி.]

"கெடக்கட்டும் வே. ஓட்டுத எனக்கே மறைக்கல. அந்தப் பெட்டிக்கு மறைச்சா என்ன?"

மணி தொங்கியது. கேமரா அதற்குப் பின்னாலிருந்து பார்த்தது. கார் திரும்பினால் மணி சாயும். பிரேக் பிடித்தால் முன்னால் ஆடும். பழைய பதிவை அழித்து அழித்து மேலே எழுதிக்கொண்டே போகும் அந்தப் பெட்டி, அதிர்ச்சி பட்டால் மட்டும் அந்தத் துண்டை அழியாமல் தனியே பூட்டிவைக்கும். இதை எனக்குச் சொன்னவர் நடராஜ். மன்னிக்கவும், குமரவேலின் மகனுக்கு.

4

பூட்டிய துண்டு ஒன்று இருந்தது.

திசையன்விளைச் சாலை, முனைஞ்சிப்பட்டி தாண்டி. பகல். ஒருவர் வாழைத்தார் கட்டிய சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இடப்பக்க ஓரமாக நடக்கிறார். தூரத்திலிருந்தே தெரிகிறார். கோமு போனில் மகளிடம் பேசிக்கொண்டிருக்கிறாள், வர்ணனை இல்லை. மணி நேராகத் தொங்குகிறது. சைக்கிள் பெரிதாகிறது. மணி நேராகவே தொங்குகிறது. சைக்கிள் படத்தை விட்டு வெளியே போகிறது. ஒரு சத்தம்.

"என்னட்டி சத்தம்?"

இருக்கை கிறீச்சிடுகிறது. பிறகு கோமுவின் குரல்: "கல்லு. நீங்க போங்க—"

எழுத முடியவில்லை. அந்தக் குரலுக்குக் கோமு என்ற பெயர் நிற்க மாட்டேன் என்கிறது. அது ஹமீது பீவியின் குரல். என் உம்மா. ஓட்டியவர் அசன் மைதீன், சாத்தான்குளம்வரை கடை கடையாகச் சாரம், லுங்கி கொண்டுபோய்ப் போடுகிறவர். என் வாப்பா. குமரவேல் போகலாம். சிரமத்துக்கு வருந்துகிறேன்.

வாழைத்தார்க்காரர் என்ன ஆனார் என்று கேமரா சொல்லவில்லை. பின்னாலும் பார்ப்பதை வாங்கியிருக்க வேண்டும்.

அடுப்படிக்குப் போய்க் கேட்டேன்.

"உம்மா, அது கல்லா?"

வெங்காயத்தை நறுக்குவதை அவள் நிறுத்தவில்லை. "அந்த ஆளு எந்திரிச்சிட்டான். நான் திரும்பிப் பாத்தேன்."

"வாப்பாக்கு இடப்பக்கம் தெரியலையா?"

"பையப் பேசு. தெரியலங்கது அவுகளுக்கே தெரியாதுலே. நான் சொல்லுதேன், அவுக ஓட்டுதாக. இவ்வளவு நாளும் ஓடலயா?"

"கண்ணாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவோம்."

"போன வருசமே கூப்பிட்டேன். ரெண்டு நாள் சோறு திங்கல." கத்தியை வைத்தாள். "நீ அத வச்சித்தான காலேஜ்ல ஆடிக் காட்டுத? ஒங்கூடப் படிக்குத ஷமீமோட உம்மா சொன்னா. நல்லாச் செய்யுதியாமே."

5

வெள்ளிக்கிழமை திசையன்விளையிலிருந்து என் அக்கா, தஸ்மியா லாத்தாவை அழைத்து வர வேண்டும். ஏழாம் மாதம். பின்னிருக்கையில் உட்கார்ந்தால் வாந்தி வரும், முன்னால்தான் உட்காருவாள். வீட்டுக்கு ஆட்கள் வருவதால் உம்மா போக முடியாது. மகளை நான்தான் கூட்டி வருவேன் என்று வாப்பா சொல்லிவிட்டார். என்னிடம் லைசென்ஸ் கிடையாது. காரோட்டுவது சிந்திக்காதவர்களின் வேலை என்று அறிவித்திருந்தேன்.

எழுதிப் பார்த்த முடிவுகள்:

(அ) வாப்பாவிடம் அந்தத் துண்டைக் காட்டினேன். அவர் போனைக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். முடிந்ததும் என்னிடம் கேட்டார்: "இதுல சைக்கிள் எங்கலே இருக்கு?"

[இது நடக்கவில்லை. நடந்துவிடுமோ என்றுதான் காட்டவில்லை.]

(ஆ) சாவியை ஒளித்துவைத்து வாடகைக்கு டிரைவர் பிடித்தேன். வாப்பா தன் காரின் பின்னிருக்கையில், கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல்—

(இ) வெள்ளிக்கிழமை, இட்டமொழி விலக்கில், தஸ்மியா உட்கார்ந்திருந்த பக்கமாக ஒரு—

இதை எழுத மாட்டேன். பேனாவை என் கையில் பிடித்து அழுத்தினாலும்.

6

வெள்ளிக்கிழமை. திரும்பி வந்துகொண்டிருக்கிறோம். தஸ்மியா முன்னால், வயிற்றின்மேல் ஒரு கை. நான் பின்னால், அவளுக்கு நேர் பின்னே, ஜன்னலோடு ஒட்டி. வீட்டிலிருந்து கிளம்பும்போது உம்மா வாசல்வரை வந்தாள். "ஒன் வாயிக்கு இன்னைக்காவது ஒரு வேல," என்றாள்.

"வாப்பா, முன்னால ஒரு ஆட்டோ நிக்கி," என்றேன் முதலில்.

தஸ்மியா சிரித்துவிட்டாள். "ஏலே, என்ன உம்மா மாதிரியே பேசுத? காலேஜ்ல கைதட்டுனது பத்தலையா?"

வாப்பா சிரிக்கவில்லை. ஸ்டியரிங்கை மெல்ல வலப்பக்கம் ஒடித்தார். மணி சாய்ந்தது. கண்ணாடி வழியாக என்னை ஒருமுறை பார்த்தார். தெரியும் என்கிறாரா, தெரியாது என்கிறாரா, அந்தப் பார்வையில் எனக்கு விளங்கவில்லை.

"ம்," என்றார். "சொல்லு."

முடிவை என்னிடம் கேட்காதீர்கள். இதைப் போனில் தட்டிக்கொண்டு வருகிறேன். தட்டும்போது சாலையைப் பார்க்க முடியவில்லை. இனிமேல் நான் சாலையைத்தான் பார்க்க வேண்டும். ஆனால் இந்த நேரத்தில், இந்தச் சாலையில், இடப்பக்க ஓரமாக நீங்கள் நடந்து வந்துகொண்டிருக்கலாம். முன்கண்ணாடியில் மணி தொங்கும் ஒரு கார் வந்தால் கொஞ்சம் விலகி நில்லுங்கள். விலகினீர்களா என்பதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

போனை மடியில் கவிழ்த்துவைக்கிறேன்.

"பைய போங்க வாப்பா. இடப்பக்கம் ஒரு ஆள் வாராரு."