ராங் நம்பர் என்று சொன்னவர்

பல் டாக்டர் அந்த ஏரிக்கரை ஊருக்கு ஒரு மாநாட்டுக்காக வந்திருந்தார். இரண்டாம் நாள் மதியம் எல்லோரையும் ஊர் பார்க்க அழைத்துப் போனார்கள். முந்நூறு வருடத்து நாடக அரங்கம், கல்பாலம், கரையோரம் வயலின் வாசிப்பவர்கள் என்று பராக்குப் பார்த்துக்கொண்டே வந்தவர், ஒரு மஞ்சள் கட்டடத்தின் பெயர்ப்பலகையைப் படித்ததும் நின்றுவிட்டார். ஓவியப் பள்ளி. அந்தப் பெயரை இருபத்திரண்டு வருடங்களுக்கு முன்பு போனில் கேட்டிருக்கிறார்.

அன்று அக்கா, பக்கவாதத்தில் விழுந்த அம்மாவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள்.

"உங்க அக்காவுக்கு இடம் கிடைச்சிருக்கு. வருவாங்களா?" என்றது அந்தப் பள்ளியிலிருந்து ஒரு குரல்.

அக்கா போய்விட்டால் அம்மாவை யார் பார்ப்பது? அவருக்கோ கடைசி வருடப் பரீட்சை.

"வரமாட்டாங்க" என்று சொல்லி வைத்துவிட்டார்.

"யாருடா போன்ல?"

"ராங் நம்பர்க்கா."

அவர் டாக்டரானார். அக்கா பத்து வருடம் அம்மாவைப் பார்த்துக்கொண்டாள். அம்மா போன பிறகு ஓர் அச்சகத்தில் மருந்து லேபிள்களில் பிழை பார்க்கச் சேர்ந்தாள்.

பள்ளிக் கதவு திறந்திருந்தது. மாடியில் நீளமான அறை, பெயிண்ட் கரைக்கும் டர்பன்டைன் வாடை. வயதான ஆசிரியை ஒருவர் தூரிகைகளைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"யாரைப் பாக்கணும்?"

"யாரையும் இல்லைங்க. எங்க அக்கா இங்க படிச்சிருக்க வேண்டியவங்க."

"ஏன் வரலை?"

"நான் விடலை."

வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. படியில் உட்கார்ந்து அக்காவுக்குப் போன் போட்டார். ஒன்றுவிடாமல் சொன்னார். அந்தப் பக்கம் அச்சு இயந்திரத்தின் சத்தம் தேய்ந்தது; அக்கா வெளியே வந்திருந்தாள்.

"மூணு மாசம் வாசல்லயே நின்னேன்டா, தபால் வருமான்னு" என்றாள் அக்கா. "நம்ம படம் அவ்வளவு மட்டம் போலன்னு நினைச்சுக்கிட்டேன். அதோட பிரஷைத் தொடவே இல்ல."

இது அவருக்குத் தெரியாது. நேரமில்லாமல்தான் அக்கா வரைவதை விட்டாள் என்று இத்தனை வருடம் தன்னையே ஏமாற்றிக்கொண்டிருந்தார்.

"மன்னிச்சிடுக்கா."

"அதை இப்ப கேக்காத. அந்த டீச்சர்கிட்ட போனைக் குடு."

ஆசிரியை போனோடு ஜன்னல் பக்கம் போனார். அரை மணி நேரம் பேச்சு. நடுவில் ஒருமுறை சிரிப்புகூட. பல் டாக்டரை யாரும் கூப்பிடவில்லை. போனைத் திருப்பித் தந்தபோது இணைப்பு துண்டிக்கப்பட்டிருந்தது.

"அடுத்த மாசம் கோடை வகுப்புக்கு வர்றாங்க" என்றார் ஆசிரியை. கொஞ்சம் தயங்கினார். "நீங்க அவங்க கூட வர வேண்டாம்னு சொல்லச் சொன்னாங்க."

"சரிங்க" என்றார் பல் டாக்டர்.