கைப்பட்டியில் மஞ்சள்

கவுனின் இரண்டாவது கையில் சுருக்கத் தையலை முடித்தபோது கழுத்தைத் திருப்ப முடியவில்லை. ஊசியைக் குத்தி வைத்துவிட்டு மேசைமேல் அப்படியே தலையைச் சாய்த்துக்கொண்டேன்.

ஆயிரத்து எண்ணூற்று முப்பதுகளில் ஓர் ஆங்கிலேயப் பெண் உடுத்தியிருந்த வெள்ளை கவுனின் நகலுக்கான கைகள் அவை. சென்னையில் அனிதா மேடம் நாடகங்களுக்கும் கண்காட்சிகளுக்கும் பழங்காலத்து உடைகள் செய்து கொடுக்கிறார். கவுனின் உடல்பகுதியை அவருடைய ஆட்களே தைத்துக்கொள்வார்கள். கைகள் மட்டும் திருத்தணிக்கு, எங்கள் கடைக்கு வரும்.

துணியில் வரிசையாக நூல் ஓட்ட வேண்டும். ஒரு வரிசைத் தையலுக்கு நேர் கீழே அடுத்த வரிசைத் தையல் விழ வேண்டும். நூலை இழுத்தால் துணி சின்னச் சின்னக் குழல்களாக நிற்கும். ஒவ்வொரு குழலையும் தனியாக மணிக்கட்டுப் பட்டியோடு கையாலேயே தைக்க வேண்டும். அந்தக் காலத்தில் தையல் மெஷின் இன்னும் வந்திருக்கவில்லை.

மேடம் எதை வாங்கினாலும் முதலில் உள்பக்கத்தைத் திருப்பித்தான் பார்ப்பார். போன தடவை, கடைக்காரி வரலட்சுமி அக்கா அவசரத்தில் பட்டியின் உள்பக்கத்தை மெஷினில் ஓட்டிவிட்டாள். இன்னொரு முறை தப்பு வந்தால் வேலை பாண்டிச்சேரியில் வேறு ஆட்களுக்குப் போய்விடும் என்று மேடம் சொல்லி அனுப்பினார்.

போனால் எனக்கு மறுபடி கடையின் முன்பக்கம்தான். அளவெடுக்க வேண்டும், வருகிறவர்களிடம் பேச வேண்டும். நான் பி.எஸ்சி. வேதியியல். ஒரகடத்தில் ஒரு கம்பெனியின் ஆய்வகத்தில் சேர்ந்தேன். தினமும் காலைக் கூட்டத்தில் எழுந்து பேசச் சொன்னார்கள். விட்டுவிட்டு வந்தேன். இந்தக் கைகள் வந்த பிறகுதான் பின் அறையில் எனக்கு ஒரு மூலை கிடைத்தது. அங்கே யாரும் என்னிடம் எதுவும் கேட்பதில்லை.

கண் விழித்தபோது மேசையில் கைகள் இல்லை. அக்கா அவற்றைச் செய்தித்தாளில் வைத்து மடித்துக்கொண்டிருந்தாள். அவள் விரல் நுனி மஞ்சளாக இருந்தது.

அக்கா நெசவுக் குடும்பம். தறியிலிருந்து இறங்குகிற சேலையோ தைத்து முடித்த ஜாக்கெட்டோ, ஒரு மூலையில் மஞ்சள் வைக்காமல் வெளியே அனுப்ப மாட்டாள். வெள்ளைக் கைகளை மட்டும் இதுவரை நானே மடித்துக் கட்டிவிடுவேன். இன்று தூங்கிவிட்டேன்.

ஒரு கையின் பட்டியில், உள்பக்க மூலையில், குழைத்த மஞ்சள்.

"இன்னா விஜி, மூஞ்சி இப்டி ஆயிடுச்சு? புதுத்துணிமா. வெறுமனே எப்டி அனுப்பறது?"

"அக்கா, இது காட்சிக்கு வெக்கிறது."

"அய்யோ." அக்கா அந்தக் கையை வாரிக்கொண்டு குழாயடிக்கு ஓடினாள். "சோப்பு போடாதீங்க" என்று நான் சொல்வதற்குள் போட்டுவிட்டாள். மஞ்சள் இரத்தச் சிவப்பாக மாறியது.

கடைக்குள் வந்த அவள் கணவர் நாகராஜன் எட்டிப் பார்த்தார். "வெள்ளக்காரிக்கே மஞ்சத்தண்ணி ஊத்திட்டியா?"

"சும்மா இரு பாவா. வயித்தெரிச்சல கெளப்பாத."

எலுமிச்சை பிழிந்தேன். சிவப்பு போய் மஞ்சள் திரும்பியது. நல்ல வெயிலில் கிடந்தால் அதுவும் வெளுக்கும். ஆனால் மாலைக்குள் மேடத்திடம் கொடுத்தாக வேண்டும். அடுத்த ரயிலில் நாகராஜன் எடுத்துப் போவதாக ஏற்பாடு.

"உள்பக்கம்தான? யாரு பாக்கப் போறா?" என்றாள் அக்கா. பிறகு அவளே, "அந்தம்மா பாக்கும்" என்றாள்.

பட்டியை மாற்றுவதுதான் வழி. ரயிலில் உட்கார்ந்துதான் மாற்ற முடியும். அப்படியென்றால் நான்தான் போக வேண்டும்.

"நீயா?" என்றாள் அக்கா.

"ஆங்."

ஜன்னலோரம் இடம் கிடைத்தது. காலையிலிருந்து போட்ட தையலை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். மிச்சத் துணியில் பட்டிக்கு வேண்டிய நீளம் இல்லை. இரண்டு துண்டுகளைச் சேர்த்து ஒட்டுப் போட்டேன். மேடம் அனுப்பியிருந்த பழைய கவுன்களின் படங்களில் உள்பக்கம் அப்படி ஒட்டுகள் இருந்தன. துணி அப்போதும் பற்றாமல்தான் போயிருக்கிறது.

எதிரே பூக்கூடையோடு ஓர் அம்மாள். "இன்னா பாப்பா இது, சட்டையா, மெத்த உறையா?"

"சட்டைக் கை."

"ஒரு கையிலயே ரெண்டு பேர் பூந்துக்கலாம் போலக்கீதே!" பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் தலை நிமிரவில்லை. வண்டி ஆடும்போது ஊசியை நிறுத்தினேன், நின்றபோது தைத்தேன். சென்ட்ரலில் எல்லோரும் இறங்கிய பிறகு கடைசிக் குழலைத் தைத்து நூலை அறுத்தேன்.

மேடத்தின் பட்டறை புரசைவாக்கத்தில், மாடியில். வரிசையாகப் பெண்கள் தைத்துக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். மேடம் கவுன் கையின் உள்பக்கத்தைத் திருப்பினார். விரல் ஒட்டில் நின்றது.

"இங்க சேர்த்திருக்கே."

மஞ்சளைப் பற்றிச் சொன்னேன். சோப்பைப் பற்றியும். குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. மேடம் குனிந்து கேட்டார்.

"ட்ரெயின்லயா தெச்சே?"

தலையாட்டினேன். மேடம் ஒட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"அப்பவும் இப்படித்தான் செஞ்சிருக்காங்க. இருக்கட்டும்." தைத்த கைகளை மடித்து வைத்தார். "நீ இங்கயே வந்துடேன். தங்க இடம் இருக்கு. பேச்சுத் துணைக்கு இத்தனை பேர் இருக்காங்க பாரு."

பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தி நகர்ந்து பெஞ்சில் இடம்கூடக் காட்டினாள்.

"இல்ல மேடம்," என்றேன். "நான் அங்கிருந்தே தெச்சு அனுப்பறேன்."

இந்த முறை குரல் சரியாக வந்தது. மேடம் அலமாரியைத் திறந்து துணிக்கட்டு ஒன்றை எடுத்து என்னிடம் கொடுத்தார்.

"அடுத்த கவுன். கை இதைவிடப் பெருசு."

கட்டு கனமாகத்தான் இருந்தது. திரும்பும் ரயிலில் அதைக் கட்டிப்பிடித்தபடி அரக்கோணம் தாண்டும்வரை தூங்கினேன்.