விரால் விட்ட வாய்க்கால்

வில்லியனூரில் பிரெஞ்சுக்காரன் கொடி பறந்த காலத்தில், இன்னாசி வீட்டுக்குப் பின்னால் ஓடிய ஊற்று வாய்க்காலில் தண்ணீரைவிடப் பூச்சிதான் அதிகம். கல்லடியில் ஒட்டிக்கொண்டு வளரும். வெங்காயச் சருகு மாதிரி இறக்கை முளைத்ததும் விளக்கைத் தேடி வீட்டுக்குள் வந்துவிடும். கடிக்காது. ஆனால் திறந்த வாய் எதையும் விடாது. இன்னாசியின் மகள் ஜெயசீலியைப் பெண் பார்க்க வந்தவர்கள் பாயசத்தில் பூச்சியைக் கண்டு எழுந்து போனார்கள். அடுத்து வந்தவர்கள் பாயசம் வருவதற்கு முன்பே எழுந்து போனார்கள்.

இப்போது பாகூரிலிருந்து பாஸ்கல் வீட்டார் வருவதாகச் சேதி. மாதா கோயில் தேரில் அவனைப் பார்த்ததிலிருந்து ஜெயசீலி குழம்புக்கு உப்புப் போடுவதையே மறந்திருந்தாள்.

"இதுவும் கலைஞ்சா நான் கன்னியர் மடத்துக்குப் பூடுவேன்" என்றாள்.

"வாய்க்கால்ல விரால் வுட்டா பூச்சியத் துன்னுடும்" என்றார் இன்னாசி.

"ஏன், முதலைய வுடேன். சம்மந்தியையும் சேத்துத் துன்னும்" என்றாள் மனைவி மதலேனாள்.

ஊசுட்டேரியிலிருந்து கூடை கூடையாக விரால் வந்தது. ஒவ்வொன்றும் இன்னாசியின் தொடை தண்டி. மீன் வாடை பட்டதும் பூச்சிகள் கல்லடியில் மூச்சடக்கிக் கிடந்தன. கல்லில் பாசி மேயக்கூட வெளியே வரவில்லை. மேய ஆளில்லாமல் கல்லெல்லாம் பாசி ஏறி, ஆடு இறங்கி மேய்கிற அளவுக்கு வாய்க்கால் பச்சைப்பசேலென்று ஆனது. விளக்கைச் சுற்றி ஒரு ஈகூட இல்லை. இன்னாசி அந்தி நேரத்தில் வாயைத் திறந்துகொண்டே தெருவெல்லாம் நடந்து காட்டினார்.

ஆனால் பயந்த பூச்சி எத்தனை நாள் கல்லடியில் கிடக்கும்? மீன் வயிற்றுக்குப் போவதைவிட அரைகுறை இறக்கையோடு ஓடிப்போவதே மேல் என்று எல்லாம் கூடிப் பேசி முடிவெடுத்திருக்க வேண்டும். பாகூர் வண்டி விளக்கு வைக்கும் நேரத்தில் வந்து நின்றது. வாய்க்காலும் அப்போதுதான் எழுந்து பறந்தது.

பாஸ்கலின் அம்மா ஆரோக்கியம்மாள் சீர் பேசுவதில் புலி. பெண்ணின் கழுத்துக்கும் காதுக்கும் கேட்டுவிட்டு, வண்டி மாட்டின் கொம்புக்கும் பூண் கேட்பவள். பாயில் உட்கார்ந்ததும், "பொண்ணுக்கு இன்னா போடு..." என்று ஆரம்பித்தாள். ஒரு பிடி பூச்சி உள்ளே போனது. துப்பிவிட்டு, "கழுத்துக்கு..." என்றாள். இன்னொரு பிடி. விளக்கை அணைக்கலாம் என்றால் விளக்கு எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. வாயை இறுக மூடிக்கொண்டு இரண்டு கையையும் பலமாக ஆட்டினாள்.

"ஒண்ணுமே வேணாங்கறாங்க! தங்கமான மனசு!" என்று கத்தினார் இன்னாசி. அதற்காக அவர் விழுங்கிய பூச்சி ஒரு படி இருக்கும்.

ஜெயசீலி காத்திருக்கவில்லை. தாம்பூலத் தட்டை எடுத்து மாமியாரின் கையில் திணித்தாள். ஆரோக்கியம்மாள் அதையே தூக்கிப் பூச்சி அண்டாமல் முகத்தை மூடிக்கொண்டாள்.

"தட்டு வாங்கியாச்சு!" என்று தெருவே சத்தம் போட்டது.

ஊர் எல்லை தாண்டிய பிறகுதான் வண்டியில் அவள் வாயைத் திறந்தாள்.

"டேய் பாஸ்கலு, நான் இன்னும் ஒண்ணுமே கேக்கலியேடா!"

"நீயே தட்ட வுடாம கட்டிப் புடிச்சிக்கினு இருந்தியேம்மா" என்றான் பாஸ்கல், மாட்டை விரட்டிக்கொண்டு.