ஒரு முழம் குறைந்த கேபிள்

குளிர்கிடங்கின் கேமராத் திரைகளை இரவெல்லாம் பார்ப்பது என் வேலை. காலை ஆறு மணிக்கு என்னை மாற்ற வேண்டியவன் பத்தரை ஆகியும் வரவில்லை. அறையை விட்டு நகர்ந்தால் வேலை போய்விடும். அப்போதுதான் வெளியூரிலிருந்து அக்கா கூப்பிட்டாள். கட்டட வரைபடம் போடுகிறவள். ஏழு மாதமாக வேலை இல்லை.

"டேய், பென் டிரைவ்ல பழைய வரைபடத்தை எடுத்துட்டு வந்துட்டேன். புதுசு வீட்டுக் கம்ப்யூட்டர்லதான் இருக்கு. பதினோரு மணிக்கு இன்டர்வியூ. உன் கால்ல விழுறேன்டா."

"விழாத. அனுப்புறேன்."

வீட்டுக் கணினியை நான் எப்போதும் அணைப்பதில்லை. எங்கிருந்தும் நுழைய வழி செய்து வைத்திருந்தேன். என் மடிக்கணினி வழியாக அதில் நுழைந்து, கோப்பைத் தேடி அனுப்பத் தொடங்கினேன். பன்னிரண்டு சதவீதத்தில் நின்றது. வீட்டுக் கணினியின் வைஃபையை ஒருமுறை அணைத்துப் போட்டால் சரியாகும் என்று அணைத்தேன்.

திரை உறைந்தது. அணைக்கச் சொன்னது போய்ச் சேர்ந்தது. மறுபடி போடச் சொல்ல வழி இல்லை. இருந்த ஒரே வாசலை நானே அடைத்திருந்தேன்.

10:41. வீட்டில் அப்பா மட்டும்தான். லாரி மெக்கானிக்; கணினியை இயக்கத் தெரியாது. நான் கல்லூரியை விட்டதிலிருந்து என்னிடம் பேசினாலே குத்தல்தான். போன் போட்டேன்.

"அப்பா, மோடம் பக்கத்துல நீலக் கேபிள் இருக்கும். ஒரு முனையை மோடத்துல, இன்னொண்ண கம்ப்யூட்டர் பின்னாடி சொருகுங்க. அக்கா வேலை விஷயம்."

"படிப்பைப் பாதியில விட்ட தொரை எனக்குப் பாடம் எடுக்கிறாரா?"

"திட்டுறத சாயங்காலம் வெச்சுக்கலாம்பா."

செருப்புச் சத்தம். முனகல். "எட்டலடா. ஒரு முழம் குறையுது. மோடத்தைச் சுவத்துல அடிச்சு வெச்சவன் எந்த மடையன்?"

"நான்தான். மேசையை இழுங்க. பவர் வயர் மட்டும் கழண்டுறக் கூடாது."

மேசை தரையில் கிறீச்சிட்டது. ஏதோ விழுந்து நொறுங்கியது.

"என்னப்பா?"

"உங்கம்மாவோட கண்ணாடி ஜாடி. கேட்டா நீ உடைச்சேன்னு சொல்லுவேன். சொருகிட்டேன், பாரு."

10:51. திரைக்கு உயிர் வந்தது. முதலிலிருந்து அனுப்பினேன். அம்புக்குறி தானாக ஓடி, நிறுத்தும் பொத்தானின் மேல் போய் நின்றது.

"அப்பா, மவுஸ விடுங்க!"

"தூசி தட்டுறேன்டா."

"கையை எடுங்கப்பா!"

அறுபது. எண்பத்தொன்பது. 'கூப்பிட்டுட்டாங்க' என்று அக்கா எழுதினாள். நூறு. அதன் பிறகு அவளிடமிருந்து ஒன்றுமில்லை.

'இறங்கிடுச்சு. போறேன்' என்று கடைசியில் அவளிடமிருந்து வந்தது.

அப்பாவிடம் சொன்னேன்.

"வேலை கிடைச்சிடுமா?"

"தெரியாதுப்பா."

"கேபிளைக் கழட்டவா?"

"வேணாம். உள்ள வேற ஏதாவது கேட்பாங்க. அவ வெளிய வர்ற வரைக்கும் இருக்கட்டும்."

"ம்" என்றார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும் சத்தம் கேட்டது. இருவரும் போனை வைக்கவில்லை.