வடக்கு விற்கப்பட்ட ஊர்

எங்கள் ஊரில் வடக்கு இல்லை. முன்பிருந்த நகராட்சித் தலைவர் அதை விற்றுவிட்டார். பேச்சும் பார்வையும் பத்திரத்தில் சேரவில்லை. மற்றபடி ஆளோ ஆடோ காற்றோ வடக்கே ஓரடி போக முடியாது. கடல் எங்களுக்குத் தெற்கே. அதனால் கரைக்கு அலை வருவதில்லை. மீன் பிடிக்கப் போனவர்கள் கிழக்கும் மேற்குமாக அலைந்துகொண்டிருப்பது கரையிலிருந்து தெரியும். தலைவர் இறந்து வெகுகாலம் ஆயிற்று. வழக்குப் போடலாம், நீதிமன்றம் வடக்கே இருக்கிறது.

போன தேர்தலில் ஓட்டுச்சாவடியை இரண்டு தெரு தெற்கே வைத்தார்கள். ஓட்டுப் போடப் போனவர்கள் அங்கேயே குடியிருக்கிறார்கள்.

நானும் என் மனைவி அமலியும் கவனமாக இருந்தோம். எங்கள் வீடு வடகோடித் தெருவில். நெடுஞ்சாலையிலிருந்து உருட்டிவிடும் ரேஷன் மூட்டைகள் எங்கள் தெருவில்தான் வந்து நிற்கும். மகள் ஜெனோவா நடக்கத் தொடங்கியதும் இடுப்பில் கயிறு கட்டினோம்.

ஒருநாள் கயிறு அவிழ்ந்துவிட்டது. ஜெனோவா ஓர் ஆட்டுக்குட்டியின் பின்னால் சந்தில் ஓடினாள். அமலி யோசிக்காமல் அவள் பின்னால் ஓடினாள். தடுக்க நீட்டிய கையைத் திரும்ப இழுக்க முடியாமல் நானும் ஓரடி நகர்ந்து வாசலுக்கு வெளியே வந்துவிட்டேன். அன்றிலிருந்து வாசலில்தான் படுக்கை.

சந்து செங்குத்தான சரிவு. இருவரும் கடைசித் தெருவில், கடலோரம் போய் நின்றார்கள். தினமும் அரிசிப் பொட்டலத்தைச் சந்தில் உருட்டுவேன். அமலி காலால் தடுத்து எடுத்துக்கொள்வாள். தவறவிட்டால் அது கடலுக்குள் போய்விடும்.

போன வாரம் ஜெனோவாவுக்குக் காய்ச்சல் கண்டது. பக்கத்து வீட்டு நர்சம்மா கொர்னேலியா மூன்று பாட்டில் மருந்து தந்தார். முதல் பாட்டில் கல்லில் மோதி உடைந்தது. இரண்டாவது அமலியின் விரலில் பட்டு நழுவிக் கடலுக்குள் போனது.

"புள்ள கண்ணத் தெறக்க மாட்டேங்குதுங்க," என்றாள் அமலி கீழேயிருந்து.

"நான் வர்றேன்."

"வராதீங்க. நீங்களும் எறங்கிட்டா அரிசி யாரு அனுப்புவா?"

நான் நர்சம்மாவைப் பார்த்தேன்.

"என்னால எறங்க முடியாது ரெமிஜியுஸ். இந்தத் தெருவுல ரெண்டு பேரு மாசமா இருக்காங்க," என்றார். "அரிசிய நான் உருட்டுறேன். எனக்கு அப்புறம் யாருன்னு மட்டும் கேக்காத."

கடைசிப் பாட்டிலைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு இறங்கினேன். சரிவில் கால் வேகமெடுத்தது. இரண்டு பக்கச் சுவர்களிலும் உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டே போனேன். தோல் உரிந்ததே தவிர வேகம் குறையவில்லை. சந்து முடியும் இடத்தில் அமலி கையை விரித்துக்கொண்டு நின்றாள். அவள்மேல் மோதினால் இருவரும் கடலுக்குள்தான். அவளை விட்டு விலகி, கரையில் இருந்த விளக்குக் கம்பத்தைக் கட்டிக்கொண்டேன். பெருவிரல் தண்ணீரில் பட்டது. பாட்டில் உடையவில்லை.

நான் அவளைவிட இரண்டடி தெற்கே நின்றேன். அமலி குழந்தையைத் தூக்கிக்கொண்டு அந்த இரண்டடியும் வந்தாள்.

மருந்தை ஊட்டிவிட்டுக் காத்திருந்தோம். அமலி என் உரிந்த கையைப் பிடித்துக்கொண்டாள். வெகுநேரம் கழித்து ஜெனோவாவுக்கு வேர்த்தது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

"அப்பா, ஒங்க மீச பெருசாயிருச்சு."

அப்போது கிழக்கிலிருந்து ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ ஒன்று வந்தது. இப்போதைய தலைவர் பழைய தலைவரின் பேரன். ஆகாயத்தை நோக்கிய திசையும் இன்று மதியம் கிரயமாகிவிட்டது, பொதுமக்கள் ஒத்துழைக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே ஆட்டோ மேற்கே போயிற்று.

குழந்தையை மடியில் வைத்துத் தரையில் உட்கார்ந்திருந்த அமலி, எனக்குக் குடிக்கத் தண்ணீர் எடுக்க எழுந்திருக்கப் பார்த்தாள். முடியவில்லை.

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.