நார் சிக்காத மிக்ஸி

வீடு மாற்றிக் கொடுக்கும் தொழிலில் அவரை எல்லாரும் சைரன் என்றுதான் கூப்பிடுவார்கள். மூன்றாவது மாடியிலிருந்து பீரோவை இறக்கும்போது "இடது... மெல்ல... படி இருக்கு, படி!" என்று அவர் குரல் கொடுத்தால் தெருமுனையில் படுத்திருக்கும் நாய்கூட எழுந்து வழிவிடும். அப்பேர்ப்பட்ட மனுஷன் வாயைத்தான் டாக்டர் கம்பி போட்டுக் கட்டிவிட்டார். மேல் பல்லையும் கீழ்ப் பல்லையும் சேர்த்து இறுக்கி, கன்னத்தோரம் ஒரு ஸ்ட்ரா போகிற வழியை மட்டும் விட்டு வைத்திருந்தார். தாடை எலும்பு கூடும்வரை குடிக்கலாம், மெல்லக் கூடாது. பேசலாம் என்றும் சொன்னார். பல்லைத் திறக்காமல் பேசினால் அது யாருக்குப் புரியும் என்று மட்டும் சொல்லவில்லை.

"சத்தமா சொல்லுங்க, புரியல." வீட்டில் மனைவியும் சொன்னாள், பெட்ரோல் பங்கில் பையனும் சொன்னான். சைரனைப் பார்த்துச் சத்தமாகச் சொல்லு என்கிறார்கள்! கோபத்தை மென்று விழுங்கு என்பார்களே, மெல்லவும் வழியில்லாதவர் என்ன செய்வார்?

கட்டியது டாக்டர் என்றாலும் உடைத்தது மச்சான். மனைவியின் தம்பி, தொழிலில் கூட்டாளி. பீரோ இறக்கும்போது ஒருவர் மேல்படியில், ஒருவர் கீழ்ப்படியில். கீழே நிற்பவன் பாரத்தைத் தாங்குவான். மேலே நிற்பவன் "விடு" என்று குரல் வரும்வரை பிடியை விடக் கூடாது. இந்தத் தொழிலுக்குச் சட்டம் என்று ஒன்று இருந்தால் அது இவ்வளவுதான். கீழே நிற்பது எப்போதும் சைரன்தான், ஏனென்றால் அடி பட்டால் அங்கேதான் படும். அன்றைக்கு மச்சானின் சட்டைப்பையில் போன் அடித்தது. ஒரு கையை எடுத்தான். பீரோ ஒரு சாண் இறங்கியது. அதன் மூலை நேராக வந்து தாடையில் இடித்தது.

"பீரோ வழுக்கிடுச்சு" என்றான் ஆஸ்பத்திரியில். அக்காவிடமும் அதையே சொன்னான். பீரோவின் சொந்தக்காரரிடமும் சொன்னான், அவர் பாவம் தன் பீரோ செய்த குற்றத்துக்குத் தலைகுனிந்து நின்றார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். கட்டிலில் படுத்துக்கொண்டு சைரன் இதையெல்லாம் கேட்டார். 'நீதான்டா கைய விட்ட' என்று போனில் எழுதிக் காட்டியிருக்கலாம். ஆனால் கேட்டு வாங்கினால் அதற்குப் பெயர் மன்னிப்பா? அவனாகச் சொல்ல வேண்டும்.

அவன் சொல்லவில்லை. ஆகவே, கம்பியை எடுத்ததும் மறுமுனைக்கு வேறு ஆள் பார்க்க வேண்டியதுதான் என்று சைரன் முக்கால்வாசி முடிவு செய்துவிட்டார். கையை விட்டவனைக்கூட நம்பலாம். விட்டதைச் சொல்லாதவனை நம்பி எப்படிக் கீழே நிற்பது?

வேலையையும் விட முடியவில்லை. தூக்கக் கூடாது, வண்டி ஓட்டலாம் என்று டாக்டர் அனுமதித்தார். தூக்குவதற்குக் கூலிக்கு இரண்டு பேர் வந்தார்கள், மச்சான் அவர்களோடு ஏறி இறங்கினான். சைரன் வண்டிக்குள் உட்கார்ந்து பசியோடு கிடந்தார். பெரிய உடம்பு, பெரிய வயிறு. மனைவி காலையில் கோழியும் உருளைக்கிழங்கும் வேக வைத்து, அரைத்து, பிளாஸ்கில் ஊற்றிக் கொடுப்பாள். மதியத்துக்குள் அது அடியில் பசையாகவும் மேலே தண்ணீராகவும் பிரிந்துவிடும். ஸ்ட்ராவை உறிஞ்சினால் கண் பிதுங்குமே தவிர எதுவும் மேலே வராது. காலி செய்கிற வீட்டில் அரைத்துக்கொள்ளலாம் என்றால் அங்கே முதலில் மூட்டை கட்டுவதே அடுப்படியைத்தான். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பதை அவர் அந்த நாட்களில் அனுபவித்தே தெரிந்துகொண்டார்.

"மாமா, பேட்டரி மிக்ஸின்னு ஒண்ணு வந்திருக்கு. வண்டியிலேயே அரைச்சுக்கலாம். நான் பாத்துக்கறேன்" என்றான் மச்சான்.

நான் பாத்துக்கறேன். இவன் பார்த்துக்கொண்ட லட்சணம்தான் தாடையில் தெரிகிறதே!

முதலில் வந்தது ரோஸ் கலரில், தண்ணீர் பாட்டில் அளவில் ஒன்று. வாழைப்பழத்தை அழகாக அரைத்தது. கோழியைப் போட்டதும் ரெண்டு சுற்று சுற்றி, சிவப்பு விளக்கைச் சிமிட்டி நின்றுவிட்டது. அதை ஆட்டிக் குலுக்கி அரைத்ததைக் குடித்ததில் நார் நாராகக் கம்பியில் சிக்கியது. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு மனைவி டார்ச் அடித்துக்கொண்டு, ஊசி இல்லாத சிரிஞ்சால் தண்ணீர் பீய்ச்சி, ஒவ்வொரு நாராக எடுத்தாள். "அசையாதீங்க. என்ன முனகுறீங்க? வலிக்குதா?" என்றாள். வலிக்கவில்லை. உன் தம்பியைத் திட்டுகிறேன் என்றுதான் அவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

இரண்டாவது மிக்ஸி கறுப்பு, கனமானது. இதற்குப் பலம் இருந்தது, கூடவே ஆயிரம் நிபந்தனையும் இருந்தது. ஜாடியில் போட்ட அம்புக்குறியும் அடிப்பாகத்தில் போட்ட அம்புக்குறியும் நேராக இல்லையென்றால் ஓடாது. பொத்தானை இரண்டு தரம் அழுத்த வேண்டும், மூன்று தரம் அழுத்தினால் பூட்டிக்கொள்ளும். சார்ஜில் இருக்கும்போது ஓடவே ஓடாது. சூடாக எதையும் ஊற்றக் கூடாது என்று பெட்டியின் அடியில் எறும்பு எழுத்தில் போட்டிருந்தது. அதைப் படிப்பதற்கு முன் மனைவி சுடச்சுட சூப்பை ஊற்றிக் கொடுத்தாள். வண்டியில் பொத்தானை அழுத்தியதும் மூடி பறந்தது. சூப் முன் கண்ணாடியில், ஸ்டியரிங்கில், சைரனின் ஒரே நல்ல சட்டையில். கூலிக்கு வந்த இருவரும் சிரிப்பை அடக்கப் படாதபாடு பட்டார்கள். மச்சான் மட்டும் சிரிக்கவில்லை. துணியை எடுத்து ஓடி வந்து துடைத்தான். "வேற பாக்கறேன் மாமா" என்றான். சைரன் துணியைப் பிடுங்கித் தானே துடைத்துக்கொண்டார்.

மூன்றாவதை வாங்க இவனைத் தனியே விட்டால் சரிப்படாது என்று சைரனே கடைக்கு வந்தார். அலமாரி முழுக்க பேட்டரி மிக்ஸிகள். எல்லாப் பெட்டியிலும் ஒரே படம்: ஒல்லியான ஒருத்தி, மலை உச்சி, கையில் சிவப்பு ஜூஸ். பசித்த மனுஷன் படம் ஒன்றுகூட இல்லை.

"ஸ்ட்ராபெரி, ஐஸ், நட்ஸ் எல்லாம் சூப்பரா அரைக்கும் சார்" என்றாள் கடைப்பெண். "ஜிம்முக்கா, ஆபீசுக்கா?"

"கோழிக்கு" என்றார் சைரன்.

"சத்தமா சொல்லுங்க சார், புரியல."

"கோழி!" கம்பி அதிர்ந்தது.

"காபியா? சூடா ஊத்தக் கூடாது சார்."

சைரன் பேச்சை விட்டுவிட்டு, பிளேடு அகலமாக இருந்த ஒரு நீல மிக்ஸியை விரலால் தொட்டுக் காட்டினார். இது போதும். பில் போடு. வயிறு கத்துகிறது. ஆனால் மச்சான் அதைக் கையில் வாங்கி, கழற்றி, பிளேடை உற்றுப் பார்த்துவிட்டுத் திருப்பி வைத்தான்.

"இது வேணாம் மாமா. இது நாரை வெட்டாது, நீட்டமா சுத்திக்கும். கடைவாய்ப் பக்கம் ரெண்டாவது கம்பி இருக்கில்ல, அங்க போய் சிக்கும். நாக்கால எடுக்கவும் முடியாது." கடைப்பெண்ணிடம் திரும்பினான். "ஆறு பிளேடு வெச்சது இருக்கா? ரெண்டு மேல பாத்து, ரெண்டு கீழ பாத்து?"

சைரனுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. என் வாய்க்குள் எந்தக் கம்பி எங்கே இருக்கிறது என்று இவன் எனக்குப் பாடம் எடுக்கிறான்! குடிப்பது நான், பசி எனக்கு, தாடை என்னுடையது. இதில்கூட இவன் வைத்ததுதான் சட்டமா? "டேய், உனக்கென்னடா தெரியும் என் வாயைப் பத்தி?" என்று கத்தினார். வெளியே வந்தது ஒரு நீண்ட உறுமல். கடைப்பெண் ஒரு அடி பின்னால் போனாள். சைரன் வெளியே போய் வண்டிக் கதவை அறைந்து சாத்தினார். முக்கால்வாசி முடிவு அங்கேயே முழு முடிவானது. கம்பியை எடுத்த மறுநாளே வேறு ஆள். மனைவி அழுதாலும் சரி.

அவர் உட்கார்ந்திருக்க மச்சான் ஒரு பையோடு வந்தான். உள்ளே ஒன்றல்ல, இரண்டு பெட்டிகள். சைரன் கேட்கவில்லை. கேட்டால்தான் என்ன புரியப்போகிறது?

மறுநாள் ஒரு பழைய குடியிருப்பில் வேலை. லிப்ட் கிடையாது. மெத்தைகளும் நாற்காலிகளும் வண்டிக்கு வந்தாயிற்று, பெரிய சாமான்கள் இன்னும் மேலே. மதியமானதும் கூலி ஆட்கள் நிழலில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தார்கள். சைரன் இருக்கைக்கு அடியில் கையை விட்டுத் துழாவினார். சாப்பாட்டுப் பை இல்லை. மிக்ஸியும் இல்லை, வெந்த கோழி வைத்த டப்பாவும் இல்லை. பசி வந்தால் பத்தும் பறக்கும் என்பார்கள். சைரனுக்கு முதலில் பறந்தது பொறுமைதான். இன்றைக்கு இவனை விடுவதில்லை என்று இறங்கி, வண்டியின் பின்பக்கம் போய், தார்ப்பாயை ஒரே இழுப்பில் விலக்கினார்.

கட்டி வைத்த மெத்தைகளுக்கு நடுவில் மச்சான் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். எதிரே நான்கு மிக்ஸிகளும் வரிசையாக நின்றன: ரோஸ், கறுப்பு, நேற்று வாங்கிய இரண்டு. எல்லாவற்றிலும் கோழி கொஞ்சம் கொஞ்சம் அரைபட்டிருந்தது. மச்சான் பல்லைக் கெட்டியாகக் கடித்துக்கொண்டு, கன்னத்தோரம் ஸ்ட்ராவைச் செருகி, கண்ணை மூடி உறிஞ்சிக்கொண்டிருந்தான். அவன் மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் குறுக்கே மெல்லிய மீன்பிடி நூல் சுற்றியிருந்தது. இரண்டாவது கம்பி இருக்கும் இடத்தில் ஒரு முடிச்சு. உறிஞ்சி முடித்து, விரலை விட்டுத் தடவி, முடிச்சிலிருந்து ஒரு நாரை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தான். முகத்தைச் சுளித்து அந்த மிக்ஸியை ஓரமாக நகர்த்தினான். அவனுடைய சாப்பாட்டு டப்பா பக்கத்தில் திறக்காமல் கிடந்தது.

சைரன் அப்படியே நின்றார். கொஞ்ச நாளாக இவன் கன்னம் ஒட்டிப் போயிருந்ததை அவரும் பார்த்திருந்தார். ராத்திரியெல்லாம் போன் நோண்டினால் இப்படித்தான் என்று நினைத்திருந்தார்.

வெளிச்சம் விழுந்ததும் மச்சான் கண்ணைத் திறந்தான். திருடன் அகப்பட்டதுபோல முழித்தான். நூலை அவிழ்க்கத் தோன்றாமல் பல்லைக் கடித்தபடியே கடைசியில் இருந்த வெள்ளை மிக்ஸியைத் தூக்கிக் காட்டினான்.

"இது நல்லாருக்கு மாமா. இதுல நார் சிக்கல."

வெளியாளுக்கு அது வெறும் முனகல். சைரனுக்கு ஒவ்வொரு எழுத்தும் புரிந்தது. அது அவருடைய பாஷை, இத்தனை நாளாக அவர் மட்டும் பேசிக்கொண்டிருந்த பாஷை.

மச்சான் மிக்ஸியைக் கீழே வைக்கவில்லை. அதையே பார்த்துக்கொண்டு, அதே கடித்த பல்லோடு மெல்ல முனகினான்.

"பீரோ வழுக்கல மாமா. போன் அடிச்சுது. நான்தான் கைய விட்டேன்."

தார்ப்பாயைப் பிடித்திருந்த சைரனின் கை இறுகியது. அவனாகச் சொல்லிவிட்டான். ஆனால் இத்தனை நாள் பட்ட பாட்டுக்கு இவ்வளவு சீக்கிரம் விட்டுக்கொடுத்தால் அவர் சைரன் இல்லை.

"சத்தமா சொல்லு" என்றார் கம்பிக்கு நடுவிலிருந்து. "புரியல."

மச்சானுக்குப் புரிந்தது. நூலை அவிழ்த்து எறிந்தான். வாயை முழுக்கத் திறந்தான்.

"நான்தான் கைய விட்டேன்! தப்பு என்னோடதுதான் மாமா! மன்னிச்சிடுங்க!"

நிழலில் சாப்பிட்டுக்கொண்டிருந்த இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். மூன்றாவது மாடி ஜன்னலிலிருந்து வீட்டுக்கார அம்மா எட்டிப் பார்த்தாள். சைரன் வண்டியில் ஏறி மெத்தை மேல் உட்கார்ந்தார். வெள்ளை மிக்ஸியை வாங்கி, மிச்சமிருந்த கோழியை எல்லாம் அதில் போட்டு அரைத்தார். புது ஸ்ட்ரா போட்டுக் கடைசிச் சொட்டுவரை குடித்தார். நாக்கை எல்லாப் பக்கமும் ஓட்டிப் பார்த்தார். எங்கேயும் எதுவும் சிக்கவில்லை.

மச்சான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சைரன் அவனுடைய சாப்பாட்டு டப்பாவைத் திறந்து அவன் பக்கம் தள்ளினார்.

"மென்னு சாப்பிடு. உடம்பைத் தேத்திக்கோ" என்றார். "கம்பி எடுத்ததும் முதல் பீரோவுக்கு நீதான் கீழ நிக்கற."